குரங்குக்கு ஒரு கட்டம்

மாமாவுக்கு மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் சரிவான நிலம். டுரியான் கன்றுகள், நாலு ஜாதிக்காய் மரம். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு மழை கைவிட்டுவிடும். ஓடைத் தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றியாக வேண்டும். பெட்ரோல் மோட்டாருக்கு மாதம் 90 வெள்ளி (ரிங்கிட்) போகிறதாம். கரண்டுக்கு மாறினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எக்செல் தெரிந்த மருமகன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்?

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. தண்ணீரின் கன மீட்டரை ஏற்றும் உயரத்தால் பெருக்கி 367ஆல் வகுத்தால் யூனிட். சின்ன மோட்டார், நீளக் குழாய் என்பதால் பாதி வீண் என்று வைத்து அதை இரண்டு மடங்காக்கினேன். ஒரு நாளைக்கு 20 கன மீட்டர், உயரம் 60, யூனிட்டுக்கு 50 காசு. கட்டங்களுக்குப் பச்சை மஞ்சள் எல்லாம் அடித்துப் பெருமையாக நீட்டினேன். மாதம் 98 வெள்ளி.

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பெட்ரோலை விடக் கரண்டு கூடவாடா? எத்தனை உசரம் போட்ட?"

"60 மீட்டர், மாமா."

"அறுபது அடின்னு சொன்னேன். நான் என்ன கொம்தார் கோபுரத்துக்கா தண்ணி ஏத்துறேன்?"

அத்தை அடுப்படியில் சிரித்தது கூடம் வரை கேட்டது. 60 அடி என்றால் 18 மீட்டர் சொச்சம். மாற்றியதும் 30 வெள்ளிக்கு இறங்கியது. சரி, மானம் பிழைத்தது.

மோட்டாருக்குத் தனி மீட்டர் வைத்தோம். மாதக் கடைசியில் 82 யூனிட், அதாவது 41 வெள்ளி. என் கணக்கில் 60 யூனிட்தான். இரவெல்லாம் சூத்திரத்தை நோண்டினேன், ஒரு தப்பும் இல்லை. காலையில் மாமா என்னைக் குழாயோடு மேலே நடக்க விட்டார். இரண்டாவது ஜாதிக்காய் மரத்தடியில் கறுப்புக் குழாயில் நாலு பல் தடம். அதிலிருந்து ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சியடித்தது. கீழே மண் சேறாகி, அதில் குட்டிக் குட்டிக் கைத்தடங்கள். மேலே கிளையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"உன் எக்செல்ல இவனுக்கு ஒரு கட்டம் போட்டியா?" என்றார் மாமா.

போட்டுவிட்டேன். 14ஆவது வரிசை, சிவப்பு எழுத்தில்: குரங்கு, 11 வெள்ளி.