கேம்பஸ் விசிட்: காசை எந்த மாதத்தில் செலவழிப்பது?

அமெரிக்காவில் பிள்ளை பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் சமயம் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். "இந்த சம்மர்ல ஈஸ்ட் கோஸ்ட் காலேஜ் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடலாம்." குடும்பத்தோடு ஒரு வாரம், ஆறேழு கல்லூரி, வாடகைக் கார், ஹோட்டல். திரும்பி வரும்போது கிரெடிட் கார்டில் சில ஆயிரம் டாலர் ஏறியிருக்கும், பெட்டியில் கல்லூரிப் பெயர் போட்ட டி-ஷர்ட்டுகள் இருக்கும். அந்த ஆறேழில் எது இடம் கொடுக்கும், கொடுத்தாலும் வருஷத்துக்கு எவ்வளவு கேட்கும் என்று ஒன்றும் தெரியாத நேரத்தில் செய்த செலவு அது.

என் கட்சி இதுதான்: பயணப் பணத்தில் பெரிய பங்கை பன்னிரண்டாம் வகுப்பின் ஏப்ரல் மாதத்துக்கு எடுத்து வையுங்கள். ரெகுலர் டிசிஷன் (வழக்கமான சுற்றில் போடும் விண்ணப்பம்) முடிவுகள் பெரும்பாலும் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும். எங்கே சேர்கிறோம் என்று சொல்லி முன்பணம் கட்ட வழக்கமான கடைசி நாள் மே 1. நடுவில் கிடைக்கும் அந்த நாலைந்து வாரத்தில்தான் இடம், நிதியுதவிக் கடிதம் இரண்டும் கையில் இருக்கும். பட்டியலும் இரண்டு மூன்று கல்லூரியாகச் சுருங்கியிருக்கும். நேரில் போய்ப் பார்ப்பது முடிவை மாற்றக்கூடிய நேரம் அதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எர்லி டிசிஷன் (ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) போடுவதாக இருந்தால், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். ஏப்ரலில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1. ஆகவே அந்த ஒரு கல்லூரியை மட்டும் செப்டம்பர், அக்டோபருக்குள் பார்த்துவிடுவது நல்லது.

சம்மரில் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஜூலையில் கேம்பஸில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தைப் போய்ப் பார்ப்பது போலத்தான். தூணும் நாற்காலியும் தெரியும், பந்தி எப்படி நடக்கும் என்று தெரியாது.

டிக்கெட் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்குக் காலணா செலவில்லை. கூட்டரசு மாணவர் நிதி வாங்கும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (நிதியுதவி போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) வைத்தாக வேண்டும் என்பது 2011 அக்டோபரிலிருந்து சட்டம். போன வருஷத்து டாக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2 சம்பளப் படிவம், வங்கி இருப்பு, 401(கே) ஓய்வூதியக் கணக்கு தவிர்த்த முதலீட்டுக் கணக்குகள் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கல்லூரிக்கு இருபது நிமிஷம் ஆகும். ஏழெட்டுக் கேள்வியோடு முடிந்துவிடும் கால்குலேட்டர் சராசரியைத்தான் சொல்லும், அதை நம்பாதீர்கள். விவரமாகக் கேட்பதுதான் ஓரளவு கிட்டே வரும். நம்மவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது ஊரில் இருக்கும் வீடு, மனை. குடியிருக்கும் வீடு தவிர மற்ற சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் சேரும். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற கூடுதல் நிதிப் படிவம் கேட்கும் தனியார் கல்லூரிகளில் பல, குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் பார்க்கும். சொந்தத் தொழில், விவாகரத்து, வாடகை வருமானம் இருந்தால் கால்குலேட்டர் நிறையவே தடம் புரளும்.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் காட்டும் தொகை பெரும்பாலும் பொருந்தாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கால்குலேட்டர் கணக்குப் போடும். ஹெச்-4 காரர்களுக்கு ஃபாஃப்சா (கூட்டரசு நிதியுதவி விண்ணப்பம்) வழியாக வரும் கூட்டரசு உதவி கிடையாது. இங்கேயே கிண்டர்கார்டனிலிருந்து படித்திருந்தாலும் பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைத்துத்தான் நிதியுதவியைப் பார்க்கும். ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இன்-ஸ்டேட் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "விசா நிலை இது, இந்த மாநிலத்தில் இத்தனை வருஷமாகப் பள்ளிப் படிப்பு, நிதியுதவிக்கும் கட்டணத்துக்கும் எந்தப் பிரிவில் வருவேன்?" என்று அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் பாதகமாக இருந்தால் ஒரு விமானப் பயணம் மிச்சம்.

இன்னொரு பயம், "நேரில் போகவில்லையென்றால் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவார்களோ" என்பது. சில கல்லூரிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, பல எடுத்துக்கொள்வதில்லை. ஊகிக்கவே வேண்டாம். கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி, வரும் கோப்பில் சி7 என்ற அட்டவணையைத் திறந்தால் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' என்று ஒரு வரி இருக்கும். கணக்கில் கொள்வதில்லை என்று அங்கே குறியிட்டிருந்தால் விஷயம் முடிந்தது. ஹார்வர்ட், எம்ஐடி, கலிஃபோர்னியாவின் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கல்லூரிகள் எல்லாம் அந்த வகை. குறி வேறு கட்டத்தில் இருந்தாலும் நேரில் போவது பல வழிகளில் ஒன்றுதான். இணையவழித் தகவல் கூட்டத்தில் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து கலந்துகொள்வது, பள்ளிக்கு வரும் கல்லூரிப் பிரதிநிதியைச் சந்திப்பது இரண்டும் பதிவாகும். பதிவு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் ஜிமெயிலில் செய்தால் அப்பாவுக்குத்தான் ஆர்வம் என்று ஏறும்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டி, ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, ஊருக்கு நடுவில் ஒன்று என மூன்று வகையைப் பாருங்கள். விண்ணப்பிக்கப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. நாற்பதாயிரம் பேர் இருக்கும் இடம் பிடிக்கிறதா, இரண்டாயிரம் பேர் இருக்கும் இடம் பிடிக்கிறதா என்பது பெட்ரோல் செலவில் தெரிந்துவிடும்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை, நவம்பர் 11, பிப்ரவரியில் வரும் பிரெசிடென்ட்ஸ் டே ஆகிய நாட்களில் பல பள்ளிகளுக்கு விடுமுறை இருக்கும். பல கல்லூரிகளில் வகுப்பு நடக்கும். அந்த அக்டோபர் திங்கட்கிழமையில் சில கல்லூரிகள் ஃபால் பிரேக் (இலையுதிர் கால விடுமுறை) விடுவதுண்டு, அகடமிக் காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் வார இறுதி, பெற்றோர் வார இறுதி, மே மாதப் பட்டமளிப்பு ஆகிய நாட்களில் சின்ன ஊர்களில் ஹோட்டல் விலை இரண்டு மூன்று மடங்காகும். சில அட்மிஷன் தளங்களில் 'விசிட்' பக்கத்தின் அடியில் உள்ளூர் ஹோட்டல் தள்ளுபடிப் பட்டியல் இருக்கும், அதைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்.

தூரப் பயணம் என்றால் கொத்தாகப் பாருங்கள், கார் இல்லாமலே முடியும். ஃபிலடெல்ஃபியாவில் உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனமான செப்டாவின் பாவோலி/தார்ன்டேல் ரயில் ஒன்றிலேயே ஹேவர்ஃபோர்டு, பிரின் மார், வில்லனோவா மூன்றும் வரும். ஸ்வார்த்மோருக்கு மீடியா/வாவா ரயில், ஸ்டேஷன் கேம்பஸின் காலடியில். டிரெக்சலும் பென்னும் 30வது தெரு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். பாஸ்டனில் உள்ளூர் ரயிலின் ரெட் லைனில் எம்ஐடியும் ஹார்வர்டும், கிரீன் லைன் கிளைகளில் பாஸ்டன் யுனிவர்சிட்டி, பாஸ்டன் காலேஜ், நார்த்ஈஸ்டர்ன், டஃப்ட்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோலிங்க் ரயில் பிடித்துக் கிளேர்மான்ட்டில் இறங்கினால் பொமோனா, ஹார்வி மட் உட்பட ஐந்து கல்லூரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது.

கொத்தாகப் பார்ப்பதென்றால் ஒரே நாளில் நாலு என்று அர்த்தமில்லை. தகவல் கூட்டம் சுமார் ஒரு மணி, டூர் ஒரு மணிக்கு மேல், சாப்பாடு. காலை பத்து மணிக்கு ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவதைச் சேர்த்தால் எந்த நூலகம் எந்தக் கல்லூரியுடையது என்று இரவே குழம்பிவிடும். டூர் பொதுவாக இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். ஏப்ரல் இடங்கள் சீக்கிரமே நிரம்பும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும் கல்லூரியே டிக்கெட் போட்டுக் கூப்பிடும் திட்டங்கள் உண்டு. ஃப்ளை-இன் என்பார்கள். வில்லியம்ஸின் 'விண்டோஸ் ஆன் வில்லியம்ஸ்', போடனின் 'எக்ஸ்ப்ளோர் போடன்', 'டிஸ்கவர் ஸ்வார்த்மோர்' போன்றவை பெயர் பெற்றவை. பயணம், தங்கல், சாப்பாடு அவர்கள் செலவு. பன்னிரண்டாம் வகுப்பின் ஃபால் பருவத்தில் நடக்கும், விண்ணப்பமோ பெரும்பாலும் அதற்கு முந்தைய சம்மரிலேயே முடிந்துவிடும். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், செப்டம்பரில் பள்ளி கவுன்சிலர் சொல்லித் தெரியவரும்போது கதவு மூடியிருக்கும். ஜூன் மாதமே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் தேடுங்கள். அப்பா அம்மா இருவருமே ஐடி வேலை என்றால் இது நமக்கானதல்ல, அந்த இடத்தைத் தேவைப்படுபவர்களுக்கு விட்டுவிடலாம்.

இனி ஏப்ரல். இடம் கிடைத்தவர்களுக்கென்று கல்லூரிகள் தனி நாள் வைக்கும். எம்ஐடியில் கேம்பஸ் ப்ரிவ்யூ வீக்கெண்ட், யேலில் புல்டாக் டேஸ். சிரமம் என்னவென்றால் மார்ச் கடைசியில் முடிவு வந்து ஏப்ரல் நடுவில் பயணம் என்றால் விமான டிக்கெட் கொள்ளை விலை இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. இந்தியா டிக்கெட்டுக்கென்று பாயின்ட்ஸ் சேர்த்து வைத்திருப்பீர்களே, அதில் கொஞ்சத்தை எடுங்கள். அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகிய மூன்று விமான நிறுவனங்களிலும் மைல்ஸில் (அவர்களின் பாயின்ட்ஸில்) போட்ட உள்நாட்டு டிக்கெட்டை ரத்து செய்தால் பொதுவாக மைல்ஸ் அப்படியே திரும்பும். பேசிக் எகானமி (ஆக மலிவான டிக்கெட் வகை) மட்டும் வேண்டாம், அதற்கு விதி வேறு. நிகழ்ச்சித் தேதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டு மூன்று கல்லூரிக்கு ஜனவரியில் போட்டு வைத்து, இடம் கிடைக்காததை ஏப்ரலில் ரத்து செய்யலாம். பணம் கொடுத்து வாங்குவதென்றால், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்ய முடிய வேண்டும், அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் அதே விலையில் பிடித்து வைக்க முடிய வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி.

யார் போவது? டிக்கெட் 300 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோரும் பிள்ளையும் போனால் டிக்கெட் 600, ஒரு இரவு ஹோட்டல் 180, உள்ளூர்ப் பயணமும் சாப்பாடும் 150, மொத்தம் 930. பிள்ளை மட்டும் போய், கல்லூரி ஏற்பாட்டில் டார்மில் (மாணவர் விடுதியில்) ஒரு மாணவரோடு தங்கினால் 400க்குள் முடியும். பதினேழு வயதுப் பிள்ளை தனியாக விமானம் ஏறலாம், ஆனால் ஹோட்டலில் அறை கொடுக்க மாட்டார்கள். 18 ஆனாலும் சில ஹோட்டல்களில் 21 கேட்பார்கள். ஆகவே டார்ம் தங்கல் உறுதியான பிறகே தனியாக அனுப்புங்கள். 18 முடிந்திருந்தால் விமான நிலையத்தில் ரியல் ஐடி (கூட்டரசுத் தரத்துக்கு உட்பட்ட மாநில அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லும்.

செலவு முடியாது என்றால் கேளுங்கள். விளம்பரம் செய்யாத பயண உதவி பல கல்லூரிகளிடம் இருக்கும், சில பக்கத்து நகரங்களிலிருந்து பஸ் விடும். பிள்ளையே எழுத வேண்டும், முடிவு வந்த வாரத்திலேயே எழுத வேண்டும். நாலு வரி போதும்: விண்ணப்ப எண், வர விரும்பும் நிகழ்ச்சி, டிக்கெட் எவ்வளவு ஆகும், குடும்பத்தால் அதில் எவ்வளவு முடியும். வீட்டுக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுத வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அவர்களிடம் உள்ள நிதிப் படிவத்தில் இருக்கிறது. 529 கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கேம்பஸ் பார்க்கப் போகும் பயணம் தகுதியான செலவில் சேராது. எடுத்தால் அதன் வளர்ச்சிப் பங்குக்கு வரியும் 10 சதவீத அபராதமும் வரும்.

போய்ச் சேர்ந்த பிறகு டூர் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வந்த செலவு வீண், டூரில் சொல்வதெல்லாம் இணையதளத்திலும் இருக்கும். டைனிங் ஹாலில் மதியம் சாப்பிடுங்கள், பல அட்மிஷன் ஆபீஸ்கள் கேட்டால் கூப்பன் தரும். சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் சாலட் பாரைத் தாண்டி சூடாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சேரப்போகும் துறையின் கட்டிடத்துக்குப் போய், முதல் வருஷ மாணவர் ஒருவரிடம் "பதிவு செய்ய நினைத்து இடம் கிடைக்காமல் போன பாடம் எது?" என்று கேளுங்கள். "இங்கே பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னால் மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் இருந்தால் அதைக் கேட்க நேரில் போக வேண்டியதில்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் யுனிவர்சிட்டி போன்ற இடங்களில் நேரடியாகக் கிடைக்காதவர்கள் உள்ளே போய் மாறுவது மிகக் கடினம், துறையின் தளமே சொல்லிவிடும்.

போகவே முடியாத கல்லூரியாக இருந்தால் அங்குள்ள இந்திய மாணவர் சங்கத்தின் இன்ஸ்டாகிராம் கணக்குக்கு எழுதி, ஒரு மாணவரிடம் அரை மணி வீடியோ கால் கேளுங்கள். டார்மிலிருந்து வகுப்புக்குப் போகும்போது ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். வார நாளில், உள்ளூர் நேரம் காலை ஒன்பதுக்குக் கேட்டால் வழியில் கூட்டமும் தெரியும், ஏப்ரலிலும் குவிந்திருக்கும் பனியும் தெரியும்.