கடுக்காயும் நாலு முட்டையும்

சுண்ணாம்பு சார் போய்விட்டார் என்ற செய்தி நம் முன்னாள் மாணவர் சங்க வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் பாரிஸ் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். மலருக்கு எழுதச் சொல்லி வருடக்கணக்காக நச்சரித்தீர்களே, இதோ.

புதுச்சேரியில் நம் பள்ளிக் கட்டடம் முதலில் ஒரு வியாபாரி வீடு. அவர்கள் நெல் காயப்போட்ட முற்றத்தில்தான் நாம் பிரேயருக்கு நின்றோம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது குப்பத்துச் சனம் வந்து தங்கியது. இப்போது ஓட்டல்.

ஒன்பதாவதில் முற்றத்துத் தூணில் காம்பஸ் முனையால் என் பெயரைக் கீறினேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. சார் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "நாளைக்கு நாலு முட்டை கொண்டா" என்றார். மறுநாள் பி.டி. பீரியடில், மொத்தப் பள்ளியும் பார்க்க, சுண்ணாம்பையும் மணலையும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் காலால் மிதிக்க வைத்தார். மேல்பூச்சுக்கு வெள்ளைக்கரு. "சிமெண்ட் வெச்சு அடைச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்புப் பூத்து உதிரும்டா. சுவரு மூச்சு விடணும்."

அன்று முதல் நான் 'முட்டை'. கணக்கில் வாங்கியதற்கும் சேர்த்துப் பொருந்திய பெயர்.

சிரிப்புகூட மறந்துவிட்டது. கரணையை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாரே, அது மறக்கவில்லை: "நீதான் இங்க இருக்கப் போறதில்லையே, சுவத்துல எதுக்குடா பேரு?" அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், 1962-லேயே பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். பிளஸ் டூ முடித்ததும் நான் பறந்துவிடுவேன் என்பது ஊருக்கே தெரியும்.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) சரிந்து விழுந்த படத்தைப் பார்த்துவிட்டு சாருக்குப் போன் செய்தேன். "உன் பூச்சு நிக்குதுடா" என்றார், நான் கேட்காமலே.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். சாரை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் ஓட்டலுக்குப் போனேன். அந்த நாளை கல்யாணம், பத்திர ஆபீஸ், ஏர்போர்ட் என்று கரைந்துவிட்டது.

எட்டு 'ஆ' பிரிவில் நான்கு மேசை போட்டிருந்தார்கள். தூணுக்குப் புது மஞ்சள் பெயின்ட். சுற்றிலும் வழவழப்பு, ஓரிடத்தில் மட்டும் மேடு, நடுவில் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். விரலை வைத்துப் பார்த்தேன். இப்போது பொருந்தவில்லை, விரல் பருத்துவிட்டது.

"சார், டாய்லெட் அந்தப் பக்கம்" என்றான் சர்வர் பையன்.