வடக்குப் பார்த்த வாசல்

டிசம்பர் 22, பூம்பாறை

அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் படமெடுக்கத்தான் மலையேறினேன். வீடு வடக்குப் பார்த்தது. காலை ஏழிலிருந்து பொழுது சாயும்வரை காத்திருந்தும் திண்ணைக்கு வெயில் எட்டவில்லை. எதிர்ச்சரிவில் படிப்படியாய்ப் பூண்டு வயல்கள் மின்ன, இவள் முகம் மட்டும் நீலம் பாரித்த நிழலில். எடுத்த எதிலும் உயிரில்லை.

“தை பொறந்து வெயில் வடக்க திரும்பட்டும் சாமி. சித்திரைக்கு மேலதான் நம்ம வாசலுக்கு வரும்” என்றாள்.

டிசம்பர் 23

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நாட்களில் இங்கே சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. நண்பகலிலும் தெற்கு வானில் 56 பாகை உயரம்தான். மறைவதும் தெற்கே தள்ளித்தான். செப்டம்பர் கடைசி தொடங்கி மார்ச் 20 வரை வடக்குச் சுவருக்கு வெயிலே கிடையாது. ‘நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும்’ என்று நான் படித்தது ஐரோப்பாவுக்குச் சரி. நம் மலை 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கே வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் கணக்கே வேறு.

மார்ச் 30

வேலையில் மாட்டிக்கொண்டேன். போகவில்லை.

ஏப்ரல் 17

சித்திரை 4. முற்றத்தில் குச்சி நட்டேன். 12:20-க்கு நிழல் காலடியில் மறைந்தது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, பூம்பாறை அதற்கு 5 பாகை மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுது இருபது நிமிடம் தாமதம். இனி ஆகஸ்ட் 26 வாக்கில் திரும்பும்வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே. அப்பத்தா எந்தக் கணக்கும் போடாமல் சொன்னது!

ஆனால் உச்சி வெயிலில் முகத்தை எடுக்கக்கூடாது, கண்குழி கறுத்துவிடும். தாழ்வாரம் வேறு மறைக்கிறது. எனக்குக் காலை வெயில்தான் வேண்டும், இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்து.

மே 14

நேற்றிரவே வந்துவிட்டேன். கிழக்கு மேட்டைத் தாண்டி வெயில் இறங்க ஏழே கால் ஆனது. 7:45-க்கு, கிழக்கிலிருந்து 16 பாகை வடக்கே சாய்ந்து, சுவரை உரசிக்கொண்டு வந்தது. நேர் வெளிச்சத்தில் தட்டையாகிவிடும் மண்பூச்சு இப்போது மேடும் பள்ளமுமாய்த் தெரிந்தது. விதைப்பூண்டின் காய்ந்த தோல்கூடத் தனித்தனியாய். நிழல் பக்கம் சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். கன்னத்தின் கருமை இளகியது.

முகத்தைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், பூண்டில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்க அவளே வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.