நமக்கு நாமே திட்டத்தில் தெருச் சாலை: டிடி எடுப்பதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

எங்கள் மேலத்தெருவுக்கு ஒருவழியாக சிமென்ட் சாலை வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு நாங்கள் கட்டினோம், மீதி அரசுப் பணம்; அதுதான் நமக்கு நாமே திட்டம். சந்தோஷம்தான். ஆனால் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அடுத்து விண்ணப்பிக்கிறவர்களாவது தப்பிக்கட்டும்.

பணம் திரட்டுவதுதான் பெரும்பாடு என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். பொங்கலுக்கு வந்த திருப்பூர்க்காரர்களும் சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளும் சேர்ந்து அதைச் சுலபமாக முடித்துவிட்டார்கள். மதிப்பீடு 9 லட்சம், எங்கள் பங்கு 3 லட்சம். அதை டிடியாக, அதாவது வங்கி வரைவோலையாகக் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். இதை யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

முதல் முட்டுக்கட்டை கிராம சபைத் தீர்மானம். 2025 ஜனவரி 26 கூட்டம். அந்த மாதம்தான் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் ‘மேலத்தெருவில் சிமென்ட் சாலை அமைக்க ஏகமனதாக ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நகலைக் கொண்டுபோனால் ஒன்றிய அலுவலக எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சர்வே நம்பர் எங்கே? யார் வீட்டிலிருந்து யார் வீடு வரை? எந்தத் திட்டம்? பங்குத்தொகை யார் கட்டுறது?” என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த வரியை எழுதியது நாங்களா? கையெழுத்துக்கு மேல் இடைச்செருகல் கூடாது என்பதால், அடுத்த கிராம சபை கூடும்வரை, அதாவது மார்ச் கடைசி வரை, காத்திருந்தோம். இந்த முறை வாசகத்தை நானே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘சார் எல்லாம் பார்த்துப்பார்’ என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஓவர்சியர் வந்து அளந்தார், மதிப்பீடு தயாரானது. இது ஒழுங்காக நடந்தது. “டிடியை எடுத்துக் குடுத்துடுங்க, ஃபைல் வேகமா நகரும்” என்றார் எழுத்தர். எடுத்துக் கொடுத்தோம். ஃபைல் நகர்ந்தது, மாவட்ட அலுவலகம் வரை போய் அப்படியே திரும்பி வந்தது. சாலை போகும் இடம் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று இல்லையாம்.

அந்தச் சான்றுக்குப் போனபோதுதான் பூதம் கிளம்பியது. நாங்கள் காலங்காலமாக நடக்கிற பாதை வேறு, புலப்படத்தில், அதாவது நிலத்தின் சர்வே வரைபடத்தில், இருக்கிற வண்டிப்பாதை வேறு. தெருவின் கடைசி நாற்பது மீட்டர், ஏ பதிவேட்டில் (எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) வாய்க்கால் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது. ஏ பதிவேட்டையும் புலப்படத்தையும் பட்டா பார்க்கும் அதே அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதை முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வாய்க்காலை ஒட்டிய பட்டா நிலம் என் பெரியம்மாவுடையது. தயங்கித்தான் கேட்டோம். “ரோடு எப்படி வேணா வளைஞ்சு போகட்டும்டா, தென்ன மரத்துல மட்டும் கை வெக்கக் கூடாது” என்று ஒரே நிபந்தனை. சாலைக்கு வேண்டிய அகலத்தை ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது. அந்தத் துண்டை அளந்து தனி சர்வே நம்பராக உட்பிரிவு செய்ய சர்வேயர் வருவதற்குத்தான் தவம் கிடந்தோம். வாய்மொழியாகவோ வெள்ளைத்தாளிலோ ‘சம்மதம்’ வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். நாளைக்குப் பங்காளி ஒருவர் தடை வாங்கினால் சாலை பாதியில் நிற்கும்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து ஃபைலைத் திறந்தால், உள்ளே டிடி காலாவதி. டிடிக்கு மூன்று மாதம்தான் ஆயுள். புதுப்பிக்க, எடுத்தவரே வங்கிக்கு வர வேண்டும் என்றார்கள். எடுத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார், அன்று வங்கியில் சிஸ்டம் டவுன். எழுத்தரிடம் சொன்னால், “நீங்க தேதியைப் பாத்துக்க வேணாமா?” என்கிறார். டிடியைத் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தது அவர்தான்! எனவே முதலில் பங்களிப்புத் தருகிறோம் என்று ஒப்புதல் கடிதம் மட்டும் கொடுங்கள். நிலச் சான்று கைக்கு வந்தபின் டிடி எடுங்கள், அதையும் ஊரில் இருக்கிற ஒருவர் பெயரில்.

ஆட்சியரின் நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் அப்புறம் தானாக நடந்தன. பங்களிப்பு பாதி அல்லது அதற்கு மேல் என்றால் வேலையை நாமே எடுத்துச் செய்யவும் விதியில் இடமுண்டு. எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை, ஒப்பந்ததாரர்தான் செய்தார்.

கான்கிரீட் போடும் அன்று கண்டிப்பாக லீவு போடுங்கள். மதிப்பீட்டில் 15 சென்டிமீட்டர் கனம். ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் சரியாகத்தான் இருக்கும், தில்லுமுல்லு நடுவில். அடித்தளத்தை நடுவில் மேடாக்கிவிட்டால் அங்கே கனம் பாதியாகிவிடும். இரண்டு பக்கப் பலகைக்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலிலிருந்து தரை வரை அளந்தோம். ஒன்பது சென்டிமீட்டர் காட்டியது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே மேட்டைச் செதுக்கச் சொன்னார். ஒப்பந்ததாரர் சிரிக்கவில்லை.

குடிநீர்க் குழாயையும் மறக்காதீர்கள். ஜல் ஜீவன் இணைப்பு வராத வீடுகளுக்கு எதிரே, தெருவின் குறுக்காக வெற்று பிவிசி குழாயைக் கான்கிரீட்டுக்கு அடியில் புதைத்துவிட்டோம். இல்லாவிட்டால் புதுச் சாலையை வெட்ட ஆள் வந்து நிற்பான்.

கீழத்தெருக்காரர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். அதே எழுத்தர்தான், “டிடியை எடுத்துட்டு வந்துடுங்க” என்றாராம். சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி ஏ பதிவேட்டைப் பார்த்தேன். நல்லவேளை, முழுக்க வண்டிப்பாதை.