மெத்திலேற்றக் கேள்விகள்: பட்டியலை விடுங்கள், பென்சிலை எடுங்கள்

முடிவு வந்துவிட்டது. மூலக்கூறு உயிரியல் தாளில் தேறிவிட்டேன். அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு, நினைவு மங்குவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

டிஎன்ஏவின் சி எழுத்தில் (சைட்டோசின்) மெத்தில் தொகுதி ஏறுவதே மெத்திலேற்றம். அதை ஆயும் முறைகள் என்றதும் பலர் முறைகளின் பெயர்ப் பட்டியலை உருப்போடுகிறார்கள். அதை யாரும் கேட்கவில்லை. "இந்த முடிவு ஏன் இப்படி வந்தது?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று: பைசல்ஃபைட் மாற்றத்தை எழுத்து எழுத்தாக எழுதிப் பார்த்தது. 1992-இல் ஃப்ரோமர் குழு வெளியிட்ட அந்த முறையின் வேதியியல் உங்களுக்குத் தெரியும்: மெத்தில் ஏறாத சி, பைசல்ஃபைட் பட்டபின் டி என்று வாசிக்கப்படும்; மெத்தில் ஏறிய சி அப்படியே நிற்கும். தெரிந்தால் போதாது, எழுதுங்கள்.

ஏசிஜிடிசிஏ என்று ஓர் இழை. அதிலுள்ள சிபிஜியில் (சியை அடுத்து ஜி வரும் இடத்தில்) மெத்தில் ஏறியிருந்தால் ஏசிஜிடிடிஏ என்று வாசிப்போம், ஏறாவிட்டால் ஏடிஜிடிடிஏ. இனி எதிர் இழை, எதிர்த் திசையில் வாசித்தால்: டிஜிஏசிஜிடி. மெத்தில் ஏறியிருந்தால் இதில் ஓர் எழுத்தும் மாறாது. மாற்றத்துக்குப் பின் இரண்டையும் எதிரெதிரே வையுங்கள். முதல் இழையின் ஐந்தாம் இடத்தில் சி போய் டி வந்துவிட்டது. எதிரே ஜி அப்படியே நிற்கிறது. இரண்டு இழைகளும் இனி ஒன்றுக்கொன்று இணை அல்ல. ஆகவே எந்த இழைக்குப் பிரைமர் (பிசிஆரில் நகலெடுப்பைத் தொடங்கும் சிறு துண்டு) வடிவமைக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். தாளின் மிக நீளமான கேள்வி இதன்மேல்தான் நின்றது.

அதே பழக்கம் இன்னொரு கேள்வியையும் திறந்துவிட்டது. சாதாரண மனித உடல் திசுவில் மெத்தில் பெரும்பாலும் சிபிஜியில்தான் ஏறும். கேள்வியிலோ சிபிஜிக்கு வெளியேயும் ஏராளமான சி மாறாமல் நிற்கிறது. உடனே "அதிக மெத்திலேற்றம்" என்று எழுதிவிடாதீர்கள். மாற்றம் முழுமையடையவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மெத்தில் இல்லாத லாம்டா (ஒரு பாக்டீரியா வைரஸ்) டிஎன்ஏவை மாதிரியோடு சேர்த்திருந்தால், அதில் எஞ்சிய சியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மற்றவை, சுருக்கமாக:

- ஹெச்பிஏ-2, எம்எஸ்பி-1 என்ற வெட்டும் நொதிகள் இரண்டும் சிசிஜிஜி என்ற வரிசையில் வெட்டும். உள் சியில் மெத்தில் இருந்தால் முன்னது வெட்டாது, பின்னது வெட்டும். ஜெல் படம் கொடுத்துக் கேட்பார்கள்.
- மெடிப் முறையில் (மெத்தில் ஏறிய துண்டுகளை எதிர்ப்பொருளால் பிடிப்பது) எதிர்ப்பொருள் சேர்க்கும் முன் இழைகளைப் பிரிக்க வேண்டும். மெத்தில் ஏறிய டிஎன்ஏவில் ஒட்டும் எம்பிடி புரதம் ஈரிழையையே பிடிக்கும். இரண்டுமே பகுதியைத்தான் காட்டும், தனி எழுத்தை அல்ல.
- மெத்தில் உண்டா இல்லையா என்றால் எம்எஸ்பி பிசிஆர், அதாவது மெத்திலேற்றத்தைப் பிரித்தறியும் பிரைமர்களைக் கொண்ட பிசிஆர் (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அந்த நொதிக்கும் இதற்கும் தொடர்பில்லை). எத்தனை சதவீதம் என்றால் பைரோசீக்வென்சிங்.
- மாதிரி மிகக் குறைவா? பைசல்ஃபைட் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். டெட்-2, அபோபெக் நொதிகளைக் கொண்டு மாற்றும் முறையை எழுதுங்கள்.

கூடிப் பேசிப் படிப்பது பலருக்கு உதவலாம், எனக்கு ஒத்துவராது. தனியே உட்கார்ந்து தாளில் கிறுக்கினால்தான் மனத்தில் நிற்கும். இந்தப் பாடத்துக்கு அதுவே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினைத் (மெத்தில் ஏறிய சியின் ஆக்சிஜனேற்ற வடிவம்) தள்ளிவிடாதீர்கள். சாதாரண பைசல்ஃபைட்டில் அதுவும் சி என்றே தெரியும். முன்கூட்டி ஆக்சிஜனேற்றம் செய்தால் மட்டும் டி ஆகும். முதல் முறையில் சி 80 சதவீதம், இரண்டாவதில் 65 என்று கொடுத்தால் ஹைட்ராக்சிமெத்தில் 15 சதவீதம். விடையை மட்டும் எழுதாமல், எதிலிருந்து எதைக் கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.