செஃபலூவில் இரண்டு நாள்

பலெர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இத்தாலியின் சிசிலித் தீவில், வடகரையில் சின்ன ஊர். பின்னால் 270 மீட்டர் உயரத்தில் ஒரே பாறை. 1131-இல் இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டத் தொடங்கிய தேவாலயத்தில், பொன் மொசைக் கிறிஸ்துவின் கையில் விரித்த புத்தகம்: ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது பழைய சலவைத்துறைதான். படியிறங்கினால் சிங்க முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. துவைக்கும் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எத்தனை தலைமுறைப் பெண்களின் கைகள்! தண்ணீரில் கை வைத்தேன், ஜில்லென்றது. அம்மாவைக் கூட்டிவந்திருக்கலாம்.

அப்புறம் சாயங்காலம் கடலில் இறங்கினோம். முழங்கால் ஆழத்திலும் கால்விரல் தெளிவாகத் தெரிந்தது. நாளை மதியம் ரயில். காலையில் இன்னொரு முறை அந்தத் துறைக்குப் போகிறேன்.