7500-ஐத் தொடும் முள்
ராத்திரி முழுக்க ஃபெராரி 250 ஜிடிஓவின் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1962-இல் வந்த கார். மூன்று லிட்டர், 12 சிலிண்டர், நிமிஷத்துக்கு 7500 சுற்றில் சுமார் 300 குதிரைசக்தி!

சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரமோ வெறும் 58.8 மி.மீ., ஒரு சுண்டுவிரல் அளவு. பிஸ்டன் போய்வரும் தூரம் குட்டை என்பதால்தான் அவ்வளவு வேகமாகச் சுற்ற முடிந்தது. அளவுக்கு மீறி முறுக்கினால், சிலிண்டருக்குள் காற்றை விட்டு மூடும் வால்வின் ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து முட்டிவிடும்.

அப்படி எல்லை மீறாமல் தடுத்து நிறுத்த கம்ப்யூட்டர் கிடையாது. சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளும் ஓட்டுபவரின் காதும்தான் காவல். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு இறக்கும்போது கை தவறி இரண்டில் விழுந்தால்? ஓடும் சக்கரங்களே எஞ்சினை எல்லை மீறிச் சுற்றவைத்துவிடும். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.